பையில் ஊற்றிய சூடு

அக்டோபர் 12, சனி

இன்று காலை கூட்டம் தாங்கவில்லை. தந்தா ஊர் ரயில் நிலையத்தின் பின்தெருவில் இருக்கிற எங்களைப் போல் ஃபூல் போட எகிப்திலேயே ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, வரிசையில் நிற்கிறவர்கள் சொல்கிறார்கள். குடத்தில் இரவெல்லாம் வெந்து குழைந்த மொச்சையை மொண்டு, எண்ணெய், சீரகம், எலுமிச்சை சேர்த்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுழற்றி ஒரு முடிச்சு. அதற்குள் அடுத்த கை நீண்டுவிடும். பக்கத்தில் அண்ணன் மஹ்ரூஸ் தாமியா வடையைப் பொரித்து அள்ளிக்கொண்டே இருக்கிறார். அப்பா விட்டுப்போன கடை. பாதி அவருக்கு, பாதி எனக்கு.

எட்டு மணி வாக்கில் என் மனைவி இனாஸ் வந்து வரிசையில் நின்றாள். கடைக்காரன் மனைவி என்று முன்னால் வரவில்லை. முறை வந்ததும், "பத்துப் பை. கொதிக்கக் கொதிக்க. எப்பவும் எப்படிக் கட்டுவியோ அப்படியே கட்டு," என்றாள்.

அண்ணன் வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏம்மா, உங்க ஆய்வுக்கூடத்துல ஒருத்தனுக்கும் வீட்டுல கஞ்சி ஊத்தலையா?"

"சாப்பிட இல்லை அண்ணே. சோதிக்க."

"என் ஃபூல்ல என்னத்தச் சோதிக்கப் போற? உப்பு ஒரு சிட்டிகை கம்மி. எழுதிக்கோ. போ."

"ஃபூலை இல்லை. பையை."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். இனாஸும் சிரித்தாள். பத்துப் பைகளையும் எஃகுத் தூக்கில் அடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மினிபஸ்ஸில் ஏறிப் போனாள். நாற்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை 'அத்தை' என்கிறார்களாம். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவள், ஒருநாள் திடீரென்று "எனக்கு இன்னும் படிக்கணும் ஹெல்மி" என்றாள். படி என்றேன். வேறென்ன சொல்ல?

அக்டோபர் 22, செவ்வாய்

மகள் ஹாஜர் பள்ளியிலிருந்து வந்ததும் நேராக அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பதின்மூன்று வயதுப் பெண் தாழ் போடுவது புதிதில்லை. ஆனால் உள்ளே சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

இனாஸ் போய்க் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தது. விளையாட்டு டீச்சர் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி எடை பார்த்திருக்கிறார். ஒவ்வொருத்தி எடையையும் வாய்விட்டுப் படித்திருக்கிறார். ஹாஜர் முறை வந்தபோது படித்துவிட்டு, "வீட்டுல ஃபூல் கடைன்னா இப்படித்தான்" என்றாராம். வகுப்பே சிரித்திருக்கிறது.

"நான் என்ன அதிகமாவா சாப்பிடுறேன் பாபா? ரீம் என்னைவிடச் சாப்பிடுறா."

ரீம் அண்ணன் மகள். குச்சி மாதிரி இருப்பாள். மூன்று ரொட்டியை உள்ளே தள்ளிவிட்டு நான்காவதைத் தேடுவாள். உண்மைதான். வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று அந்தக் குழந்தையிடம் சொல்லாத ஆள் இந்தக் கட்டடத்தில் இல்லை.

இனாஸ் மட்டும் ஒன்று சொன்னாள். "எவ்வளவு சாப்பிடுறேன்னு எல்லாரும் கேக்குறாங்க. எதுல சாப்பிடுறேன்னு ஒருத்தரும் கேக்கலை. அதைத்தான் நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், கண்ணு."

நாளைக்கு அந்த டீச்சரைப் பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் போனால் சண்டையாகும். அவள் போனால் டீச்சர் மன்னிப்புக் கேட்பார்.

அக்டோபர் 23, புதன்

கேட்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. ஹாஜர் கேட்டாள், நான் ஒட்டுக் கேட்டேன்.

பிளாஸ்டிக் வளையவும் கெட்டிப்படவும் அதில் சில ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். சூடும் எண்ணெயும் புளிப்பும் பட்டால் அதில் கொஞ்சம் உணவில் இறங்கும். என் ஃபூலில் மூன்றும் இருக்கின்றன. மட்டமான பை என்றால் எதை உருக்கிச் செய்தார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. உள்ளே போனால் அந்தப் பொருள் நம் சுரப்பிகள் அனுப்புகிற சேதி மாதிரியே வேஷம் போடும்.

"கொழுப்பு செல்லுக்கு ஒரு உத்தரவு வரும், சேர்த்து வைன்னு. இது இடையில பூந்து அதே குரல்ல பேசும். அப்படித்தான்னு எலிகள்ல பாத்திருக்காங்க. மனுஷங்ககிட்டேயும் இது அதிகமா இருக்கிறவங்க பருமனா இருக்கிறது பல ஊர்ல தெரிஞ்சிருக்கு."

"அப்போ என் மேல தப்பில்லையா?" என்றாள் ஹாஜர்.

"உன் மேல எப்பவுமே தப்பில்லை. ஆனா இதுதான் காரணம்னும் நான் சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியும்னு சொன்னா நான் படிச்சதுக்கு அர்த்தமே இல்லை."

இவளை நான் கட்டினேன் என்று நினைக்கும்போது, என் வாழ்க்கையில் ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

நவம்பர் 19, செவ்வாய்

ஆய்வுக்குப் பிள்ளைகள் வேண்டும். பத்திலிருந்து பதினாலு வயது வரை, நாற்பது பேர். முதல் ஒரு வாரம் எப்போதும் போலச் சாப்பிடுவார்கள். முதல் முடிவு வந்த பிறகு இன்னொரு வாரம் சூடான எதுவும் பிளாஸ்டிக்கைத் தொடாமல் சாப்பிடுவார்கள். இரண்டு வாரமும் காலைச் சிறுநீர் கொடுக்க வேண்டும். எடை, இடுப்பளவு எல்லாம் திரைக்குப் பின்னால், எழுதிக்கொள்கிறவர் தவிர யார் காதிலும் விழாமல். அது இனாஸ் போட்ட சட்டம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு ஒட்டினார்கள். ஒருத்தரும் வரவில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டால் நம் தெரு கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் நான் இறங்கினேன். ஃபூல் கொடுக்கிற கையால் ஆள் பிடித்தேன். முதலில் கேட்டது எங்கள் தெருப் பாட்டி ஒருவரிடம்.

"உம்மு வலீத், உங்க பேரனைச் சேர்த்து விடுங்களேன்."

"எதுக்கு?"

"சிறுநீர் கொடுக்க."

"ஏண்டா ஹெல்மி, ஃபூல் விக்கிறது பத்தலைன்னு இப்போ மூத்திரம் வாங்க ஆரம்பிச்சுட்டியா?"

இந்தக் கேலி தெரு முழுக்கப் பரவிவிட்டது. டாக்ஸிக்காரன் கண்ணாடியை இறக்கி, "பாஷா! கிலோ என்ன விலைக்கு எடுக்குற?" என்று கத்திவிட்டுப் போகிறான். பரவாயில்லை. கேலி செய்தவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் வந்து பிள்ளையின் பெயரைக் கொடுத்தார்கள். உம்மு வலீத் முதல் ஆளாக வந்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

வீட்டுக் குளிர்பெட்டியில் இனி முட்டைக்கு இடமில்லை. எல்லாம் கண்ணாடிக் குப்பிகள். பிளாஸ்டிக் குப்பியில் எடுத்தால் கணக்கே கெட்டுவிடுமாம். குப்பியில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது இனாஸுக்கே தெரியாது. அது அவள் பேராசிரியரின் பெட்டிக்குள் இருக்கிறது.

"உன் மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"இருக்கு. மத்தவங்களுக்கும் இருக்கணும்ல?"

அண்ணன் வந்தார். தண்ணீர் குடிக்கக் குளிர்பெட்டியைத் திறந்து, "ஆப்பிள் சாறா?" என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். ஹாஜர் தரையில் விழுந்து சிரித்தாள். பள்ளியில் எடை பார்த்த நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

முதல் வாரக் குப்பிகளின் முடிவு வந்துவிட்டது. இனாஸ் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று சொன்னாள்.

எல்லாப் பிள்ளைகளிடமும் அந்த ரசாயனம் இருக்கிறது. ஒருத்தர் விடாமல். அதிகமாக இருப்பது, காலையில் சூடான சாப்பாட்டைப் பையில் வாங்கித் தின்கிற பிள்ளைகளிடம். அதிகமாக இருக்கிற பிள்ளைகளில் பருமனானவர்கள் கூடுதல். பத்துப் பை ஃபூலிலும் அதே சரக்கு இறங்கியிருக்கிறது.

"நம்ம ஃபூல்" என்றேன்.

"ஃபூல்ல ஒண்ணும் இல்லை. குடத்திலிருந்து நேரா எடுத்ததையும் பாத்தேன், சுத்தம். பைதான்."

"எழுதப் போறியா?"

"எழுதாம?"

"கடைப் பேரு?"

"வராது. ஆனா நம்ம தெருவுக்குத் தெரியும், ஹெல்மி. அதான் உன்கிட்ட முதல்ல சொல்றேன்."

ஜனவரி 15, புதன்

பையில் ஊற்றும்போது இன்று முதல்முறை கை நின்றது.

ஜனவரி 17, வெள்ளி

என்ன எழுத.

தொழுகை முடிந்து அண்ணனிடம் சொன்னேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். இனிமே பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்குப் பாத்திரத்துல கொடுப்போம், கொண்டு வரச் சொல்லி நாமே கேட்போம், நாலு தட்டு வாங்கிப் போட்டு இங்கேயே உட்கார்ந்து சாப்பிட வைப்போம், பையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவோம் என்றேன்.

"வேலைக்கு ஓடுறவன் வீட்டுலேர்ந்து சட்டி தூக்கிட்டு வருவானா? உனக்கு என்ன கிறுக்கா? எதிர்த்த முக்குல இருக்கிறவன் பையோட நின்னுக்கிட்டு இருக்கான், நம்ம கூட்டத்த அள்ளிட்டுப் போக. உன் பொண்டாட்டி படிச்சுட்டா, நம்ம அடுப்புல தண்ணி ஊத்தணுமா?"

"அவ யார் அடுப்புலயும் ஊத்தலை அண்ணே. இருக்கிறதைச் சொல்றா."

"இருக்கிறதா? இருக்கிறது என்னன்னு ஊருக்கே தெரியும். பெத்த மகளையே இளைக்க வைக்க முடியலை, ஊரை இளைக்க வைக்கப் போறாளாம்!"

வாசலில் ஹாஜர் நின்றிருந்தாள். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள். கேட்டுவிட்டாள்.

என்னால் அப்போது என்ன செய்ய முடியும்? அடிக்க முடியுமா? அப்பா ஸ்தானத்தில் இருக்கிற மனுஷன். இடுப்பில் கட்டியிருந்த கடைத் துண்டை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். "என் பாதியையும் நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, ஹாஜர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாலம் தாண்டியதும் அவள்தான் பேசினாள்.

"பாபா, பெரியப்பா சொன்னது தப்பு. அம்மா யாரையும் இளைக்க வைக்கிறேன்னு சொல்லவே இல்லையே."

அழுவாள் என்று நினைத்தேன். இவள் வாக்கியத்தைத் திருத்துகிறாள்! அப்படியே இனாஸ். என் மகள், அவள் மகள். நடுத்தெருவில் அவள் தலையில் முத்தம் கொடுத்தேன். "பாபா, எல்லாரும் பாக்குறாங்க" என்று முழங்கையால் இடித்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கடைக்குப் போகாத காலை எவ்வளவு நீளம்! இரண்டாம் வாரச் சோதனை தொடங்கிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்குப் பையில்லாத ஃபூல் யார் கொடுப்பது? நான்தான். வீட்டு அடுப்பிலேயே ஒரு சிறு குடம் ஏற்றினேன். கட்டடத்தின் நுழைவாயிலில் ஒரு மேசை. பிள்ளைகள் பீங்கான் கிண்ணம், எஃகுத் தூக்கு, எனாமல் சட்டி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் காப்பிச் செம்பு கொண்டு வந்தான். அதிலும் ஊற்றினேன்.

ஆய்வில் இல்லாத பெண்களும் சட்டியோடு வந்து நிற்கிறார்கள். "எங்களுக்கு மட்டும் விஷமா?" என்கிறார்கள். விஷம் இல்லை, அப்படிச் சொல்லாதீங்க என்று இனாஸ் மாடியிலிருந்து கத்துகிறாள். "சரி, அது என்னவோ, அது இல்லாத ஃபூல் கொடு" என்கிறார் உம்மு வலீத்.

ஹாஜர் பக்கத்தில் நின்று எலுமிச்சை பிழிகிறாள். அவளும் ஆய்வில் ஒரு எண்.

பிப்ரவரி 15, சனி

அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. நுழைவாயிலில் மேசையையும் வரிசையையும் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் கண் ஆட்களை எண்ணியது எனக்குத் தெரியாதா?

"எலுமிச்சை அதிகமாப் போடுற" என்றார்.

"உங்க கையில உப்பு எப்பவுமே கம்மி" என்றேன்.

"திங்கள்கிழமை கடைக்கு வா. உன் சட்டிக்காரங்களுக்குத் தனி வரிசை வெச்சுக்க. என் பைக்காரங்களை நீ தொடாதே."

"ஹாஜர் கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டாமா?"

தலையைச் சொறிந்தார். அப்படியே திரும்பிப் போனார். போகட்டும். நான் கேட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

பிப்ரவரி 26, புதன்

இறங்கிவிட்டது! ஒரே வாரம், பாத்திரத்தை மாற்றியது தவிர வேறொன்றும் செய்யவில்லை. அதே ஃபூல், அதே ரொட்டி. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேருக்கு அளவு இறங்கியிருக்கிறது, பலருக்குப் பாதிக்கு மேல். இந்தச் சரக்கு உடம்பில் தங்காதாம். வருவதை நிறுத்தினால் தானே வெளியேறுமாம். சொல்லி முடித்ததும் இனாஸ் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் சட்டையில் சீரக வாசனை, அவள் கோட்டில் ஆய்வுக்கூட வாசனை.

படாரென்று உம்மு வலீத் கதவைத் திறந்துகொண்டு வந்து, "என் பேரன் எப்படி?" என்றார். எண் தெரியாது என்று சொன்னால் நம்பவில்லை. "உனக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்குற" என்று கோபித்துக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு பாஸ்பூசா இனிப்போடு திரும்பி வந்தார். கண்ணாடித் தட்டு. அதை எல்லோருக்கும் காட்டினார்.

ஏப்ரல் 9, புதன்

ரமலானும் பெருநாளும் போனதே தெரியவில்லை. இன்று இனாஸ் தொலைக்காட்சியில். கெய்ரோவிலிருந்து காலை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். செய்தித்தாள் ஒன்றில் நாலு வரி வந்ததன் விளைவு. நேரலை. கடையில் டிவிப் பெட்டியைச் சுவரில் ஏற்றி வைத்தோம். வரிசையே டிவி பக்கம் திரும்பி நின்றது. அண்ணன் வடை கருகுவதைக் கவனிக்கவில்லை.

பச்சை முக்காடு. கொஞ்சம் வேர்த்திருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிற பெண் பொம்மை மாதிரி இருந்தாள்.

"அப்போ பிளாஸ்டிக்கை விட்டா இளைச்சுடலாம், அப்படித்தானே டாக்டர்?"

"இல்லை. அப்படி நான் சொல்லலை."

அந்தப் பெண்ணின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்றது. இந்தப் பதிலுக்காகக் கூப்பிடவில்லை போல.

"உடம்பு பெருக்க நிறையக் காரணம் இருக்கு. சாப்பாடு, தூக்கம், பரம்பரை, பிள்ளைங்க ஓடி விளையாட இடமில்லாத தெரு. அதோட இந்த ரசாயனமும் சேருதுன்னு பல ஆய்வு காட்டுது. எவ்வளவு சேருதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பாத்திரத்தை மாத்தினா பிள்ளைங்க உடம்புல அது குறையுது. அதை நான் அளந்து பாத்தேன்."

"நீங்களே விட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் இனாஸை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மகள் தினமும் வாங்குகிற பார்வை.

இனாஸ் சிரித்தாள். "விட்டேன். இன்னும் பருமனாத்தான் இருக்கேன். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், கண்ணு போதும். உங்க முன்னால பிளாஸ்டிக் கப்புல டீ ஆவி பறக்குது பாருங்க, அதுல என்ன கரைஞ்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நான் படிச்சேன்."

அந்தப் பெண்ணின் கை கப்பை நோக்கிப் போனது. பாதியில் திரும்பி மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கடையில் என்ன சத்தம்! டாக்ஸிக்காரன் ஹாரனை விடவே இல்லை. நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "அது என் பொண்டாட்டி! அது என் பொண்டாட்டி!" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை. அண்ணன்தான் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வடைப் புகை என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

கைப்பேசியில் வந்த கருத்துகளைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. அவள் உடம்பைப் பற்றித்தான் பாதி. அவளிடம் காட்டாமல் மறைத்தேன். அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் படித்துவிட்டு, எழுத்துப்பிழைகளைச் சொல்லி ஹாஜரோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாப்பாட்டு டப்பா கம்பெனி பெரிய தொகை சொல்லி அவள் படத்தைக் கேட்டதாம். எங்கள் டப்பாவில் சாப்பிட்டால் மெலியலாம் என்று போடுவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து பாத்திரம் கழுவினாள்.

மே 24, சனி

இன்று ஆய்வேட்டுத் தேர்வு. எல்லோர் முன்னாலும் மூன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள், இவள் பதில் சொல்ல வேண்டும். கல்யாண வீடு மாதிரி சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். எங்கள் தெருவே வந்தது. உம்மு வலீத் முன்வரிசையில். காப்பிச் செம்புப் பையன் கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

கெய்ரோவிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் வெள்ளைத் தலை, கண்ணாடி. ஒன்றையும் விடவில்லை. நாற்பது பிள்ளைகள் போதுமா? போதாது, அடுத்த கட்டத்துக்கு நானூறு வேண்டும் என்றாள். பருமன் வந்ததால் இது கூடியதா, இது கூடியதால் பருமன் வந்ததா? இந்த ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். ஒளிக்கவில்லை, வழுக்கவில்லை. தெரியாது என்ற சொல்லை இவ்வளவு நிமிர்ந்து சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் கணவர் ஃபூல் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இது உங்கள் ஆய்வைப் பாதிக்கவில்லையா?"

என்னால் இவளுக்கு இழுக்கு வந்துவிடுமோ?

"அதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், ஐயா. எந்த எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் என் கையில் இல்லை, என் பேராசிரியரின் பெட்டியில்தான் இருந்தது. இந்த முடிவால் நஷ்டப்படக்கூடிய முதல் மனிதர் என் கணவர். பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சேர்த்துக் கொடுத்தவரும் அவர்தான்."

மூன்று பேராசிரியர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அரங்கமே திரும்பியது. டையைச் சரி செய்வது போல் குனிந்துகொண்டேன். இந்த வயதில் இத்தனை பேர் முன்னால் அழ முடியுமா?

உயர்ந்த தகுதியோடு பட்டம் என்று அறிவித்ததும் அண்ணி தொடங்கி வைத்தாள், உம்மு வலீத் பிடித்துக்கொண்டார். பெண்கள் போட்ட குலவையில் கூரை அதிர்ந்தது. அண்ணன் வெளியில் ஒரு பெரிய குடத்தோடு காத்திருந்தார். எனாமல் தட்டுகள், எல்லாம் புதிது. பேராசிரியர்களுக்கு அவரே பரிமாறினார். "பை கிடையாது பாஷா, நாங்க விஞ்ஞானக் குடும்பம்" என்று வெளித்தேர்வாளரிடம் அளந்துகொண்டிருந்தார்.

பிறகு ஹாஜரிடம் போனார். ஒரு தட்டை நீட்டினார். "உன் பெரியப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம்மா. மனசுல வெச்சுக்காதே."

"கொஞ்சமா?" என்றாள் ஹாஜர்.

"சரி, ரொம்ப. உப்பு சரியா இருக்கான்னு சொல்லு."

தின்று பார்த்து, கம்மி என்றாள்.

ஜூன் 30, திங்கள்

நானூறு பிள்ளைகளுக்கான ஆய்வுக்கு அனுமதி வந்துவிட்டது. தலைமை: டாக்டர் இனாஸ். கடையில் இன்னும் பை வரிசை இருக்கிறது. சட்டி வரிசை அதைவிட நீளம் என்று அண்ணனே வாய்விட்டுச் சொன்னார்.

ஜூலை 18, வெள்ளி

ராஸ் எல்-பர் கடற்கரை. அறைக்குள் உப்புக் காற்று. எல்லோரும் தூங்குகிறார்கள், நான் பால்கனியில் எழுதுகிறேன். வெயில் இன்னும் சாயவில்லை.

ஹாஜர் இளைக்கவில்லை. இதை எழுதத்தான் வேண்டும். நாங்கள் பாத்திரங்களை மாற்றியே பல மாதமாகிறது, அவள் அதே ஹாஜர்தான், இரண்டு விரற்கடை உயரம் கூடியிருக்கிறாள். போன வருடம் இங்கே வந்தபோது துண்டைப் போர்த்திக்கொண்டு குடைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்று காலை மணலில் செருப்பை உதறிவிட்டு, "அம்மா, வா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். இனாஸும் பின்னால் ஓடினாள். இரண்டு பேரும் கைகோத்து அலைக்குள் விழுந்தார்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் தெறித்தது! கரையில் யாரோ இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் மகளும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கரையில் செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. அங்க குளிக்கிறது டிவியில வந்த டாக்டர் தானே? நீங்க?"

இருபது வருடமாக யார் கேட்டாலும் தந்தா ஹெல்மி, ஃபூல் கடை என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"நான் டாக்டர் இனாஸோட வீட்டுக்காரர்."